சதுரம் என்றால் செவ்வகம்: கேரள எல்லையில் பத்தாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடம்

"சதுரத்தின் நீளம் அகலத்தைவிட 2 மீட்டர் அதிகம்" என்று மகள் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டு வந்தாள். "சதுரத்துக்கு ஏது கண்ணு நீளம் தனியா, அகலம் தனியா? கணக்கே தப்பா இருக்கு. நாளைக்கு டீச்சர்கிட்டக் கேளு" என்று சொல்லி மகளை அனுப்பிவைத்தவள் நான். சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பே சிரித்ததாம். மலையாளத்தில் சதுரம் என்றால் நம்முடைய செவ்வகம். நம் சதுரத்துக்கு அவர்கள் சொல்வது சமசதுரம். டீச்சர் தமிழில்தான் பாடம் நடத்துகிறார். ஆனால் கணக்குச் சொல் மட்டும் அவர் படித்த மொழியில் வாயில் வந்துவிடுகிறது. பிள்ளை அதைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வீடு மாறி, ஒன்பதாம் வகுப்பில் தமிழ் மீடியத்தில் அவளைச் சேர்த்தோம். அதற்குப்பின் இரண்டு வருடம் ராத்திரி ராத்திரி வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சித்தூர் தாலுகாவிலோ, மூணாறு, பீர்மேடு பக்கமோ புதிதாக வந்து பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்த்திருக்கும் பெற்றோருக்காக இது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், கணக்கில் புலி கிடையாது. அல்ஜீப்ராவும் நிகழ்தகவும்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தின. அதனால் அவை இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பாடப்புத்தகம் இரண்டு பாகமாக வரும். இரண்டாம் பாகம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சமக்ரா என்ற கேரள அரசுத் தளத்தில் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் மீடியம் புத்தகத்தை இறக்கும்போதே அதே வகுப்பின் ஆங்கில மீடியம் புத்தகத்தையும் இறக்கி வையுங்கள். இதுதான் நான் சொல்லப்போவதிலேயே அதிகம் உதவுவது. இரண்டிலும் கணக்குகள் ஒரே வரிசையில் இருக்கும். தமிழ் வாக்கியம் எங்காவது சிக்கலாகப் பிணைந்து கிடந்தால், ஆங்கிலத்தில் அதே எண்ணுள்ள கணக்கைப் பார்த்தால் என்ன கேட்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அந்தப் புத்தகமும் இருக்கட்டும். வேண்டிய பக்கங்களை மட்டும் கடையில் பிரிண்ட் எடுத்தால் போதும். நான் ஆவேசத்தில் ஒரு பாகம் முழுதும் எடுத்துக் கிட்டத்தட்ட 300 ரூபாய் கொடுத்தேன். பாதிப் பக்கம் புரட்டப்படவே இல்லை.

கோடு போடாத நோட்டு ஒன்று, கட்டம் போட்ட நோட்டு ஒன்று. கட்டம் போட்டது நிகழ்தகவுக்கு, ஏன் என்று பின்னால் வரும். ஃபேன்சி ஸ்டோரில் பத்து இருபது ரூபாய்க்கு ஆறு முகமுள்ள பகடை ஜோடி கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை நம்பாதபோது உருட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு பொறிகள் இங்கேயே இருக்கின்றன. ஒன்று, எல்லை தாண்டி பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய்த் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு கைடு வாங்குவது. தமிழில் இருக்கிறதே என்று நானும் வாங்கினேன். தமிழ்நாட்டுப் பாடத்தில் நிகழ்தகவு என்றால் சேர்ப்பு, வெட்டு, கூட்டல் தேற்றம் என்று போகும். இங்கே அப்படி இல்லை. சோடி சோடியாக எழுதி எண்ணுவதும், படத்தில் பரப்பளவு பார்ப்பதும்தான் அதிகம். இருபடிச் சமன்பாட்டையும் இங்கே வர்க்கம் பூர்த்தி செய்து (பின்னால் செய்து காட்டுகிறேன்) தொடங்குகிறார்கள், நமக்கோ காரணிப்படுத்தல்தான் கை பழகியது. கைடில் உள்ளது எதுவும் தப்பில்லை. ஆனால் பிள்ளை வகுப்பில் ஒரு வழி, வீட்டில் ஒரு வழி என்று நடுவில் நின்றுவிடுகிறாள்.

இரண்டாவது, பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையின் பழைய புத்தகம். கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பாடநூல் 2025-26 கல்வியாண்டில் மாறிவிட்டது. அதற்கு முந்தைய புத்தகம், அதை வைத்து எழுதிய நோட்டு இவற்றில் பாடங்களின் வரிசையும் கணக்குகளும் பொருந்தாது. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், "நாளைக்குள் பக்கம் 58" என்று டீச்சர் சொல்லும்போது உதவாது.

2. சொல் நோட்டு போடுங்கள்

கணக்கில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டில் இடப்பக்கம் வகுப்பில் காதில் விழும் சொல், வலப்பக்கம் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் தமிழ்ச் சொல். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தவை:

சதுரம் – செவ்வகம்
சமசதுரம் – சதுரம்
வசம் – பக்கம்
விகர்ணம் – மூலைவிட்டம்
துக – கூட்டுத்தொகை
குணனபலம் – பெருக்கிவந்த விடை
ஹரணம் – வகுத்தல்
ந்யூன சங்க்ய – குறை எண்
அபாஜ்ய சங்க்ய – பகா எண்
அக்கம் – இலக்கம்
சமவாக்யம் – சமன்பாடு
ரண்டாம்க்ருதி சமவாக்யம் – இருபடிச் சமன்பாடு
சாத்யத – நிகழ்தகவு

மடங்கு, ஒற்றை, இரட்டை, பரப்பளவு, சுற்றளவு எல்லாம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எழுதி நோட்டை நிரப்பாதீர்கள். ஆபத்து என்னவோ ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் சொல்லில்தான். தெரியாத சொல் வந்தால் பிள்ளை கேட்டுவிடுவாள். தெரிந்த சொல்லாக இருப்பதால் "சதுரம்" பற்றி யாரும் கேட்பதில்லை.

பிள்ளையிடம் ஒன்று சொல்லிவையுங்கள். வீட்டுப்பாடத்தை டீச்சர் வாயால் சொல்லி எழுதச் சொன்னால், பக்கத்தில் புத்தகத்தின் கணக்கு எண்ணையும் எழுதிக்கொண்டு வரட்டும். எங்கள் சண்டைகளில் பாதி இதிலேயே தீர்ந்தது.

3. அல்ஜீப்ரா: எழுத்தை வைப்பதற்கு முன் வாயால் சொல்லுங்கள்

பள்ளியில் எக்ஸ் என்று எழுதுவார்கள். பரீட்சையிலும் அப்படியே எழுதட்டும். வீட்டில் முதல் மாதம் நாங்கள் அகலத்துக்கு அ, வயதுக்கு வ, எண்ணிக்கைக்கு எ என்று வைத்தோம். எக்ஸைக் கண்டாலே வரும் பயம் அதில் கொஞ்சம் போனது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இளநீர் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒருவர் 20 இளநீர் வாங்கினார். சில 40 ரூபாய், மற்றவை 35 ரூபாய். மொத்தம் 740 ரூபாய் கொடுத்தார். 40 ரூபாய் இளநீர் எத்தனை?

பேனாவை எடுக்காமல் முதலில் வாயால் போடச் சொல்லுங்கள். இருபதும் 35 ரூபாய் என்றால் 700 ஆகியிருக்கும். 40 ரூபாய் கூட ஆகியிருக்கிறது. விலை கூடின ஒவ்வொரு இளநீரும் 5 ரூபாய் கூட்டும். அப்படியானால் 8 இளநீர். முடிந்தது. சந்தையில் தேங்காய் விற்கிற எந்த அம்மாவும் இதைப் போட்டுவிடுவார்.

இதையே எழுத்தில் எழுதினால்: எ என்பது 40 ரூபாய் இளநீரின் எண்ணிக்கை. மற்றது 20 – எ. 40எ + 35(20 – எ) = 740. விரித்தால் 40எ + 700 – 35எ = 740. 5எ = 40. எ = 8. வாயால் சொன்ன 700, கூடிய 40, ஐந்து ஐந்தாக ஏறியது மூன்றும் இந்த வரிகளுக்குள் அப்படியே இருக்கின்றன. விரலை வைத்துக் காட்டுங்கள். "அட, நான் சொன்னதுதானே இது" என்று என் மகள் சொன்ன அன்றைக்குத்தான் எங்களுக்கு அல்ஜீப்ரா ஆரம்பமானது, புத்தகத்தில் அதற்கு முன்பே நாலு பாடம் போயிருந்தாலும்.

இதில் ஒரு பொறி. "எ என்றால் இளநீர்" என்று பிள்ளை எழுதினால் அந்த வரியை அடித்துத் திருத்துங்கள். எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது, பொருளை அல்ல. எத்தனை இளநீர் என்பது எ. எவ்வளவு ரூபாய் என்பது 40எ. இது குழம்பினால் இரண்டு சமன்பாட்டுக் கணக்கில் எல்லாம் குழம்பும்.

அடுத்து வயதுக் கணக்கு. அம்மாவுக்கு மகளைவிட 26 வயது அதிகம். 12 ஆண்டு கழித்து அம்மாவின் வயது மகளின் வயதைப்போல இரண்டு மடங்காகும். மகளின் இப்போதைய வயது என்ன?

மகளின் வயது வ. அம்மா வ + 26. பன்னிரண்டு ஆண்டு கழித்து மகள் வ + 12, அம்மா வ + 38. இதுவரை யாரும் தவறுவதில்லை. அடுத்த வரியில்தான் வ + 38 = 2வ + 12 என்று எழுதிவிடுகிறார்கள். விடை 26 வரும், முழு எண், பார்க்க அழகாக இருக்கும், எல்லோரும் தூங்கப் போய்விடுவோம். இரண்டு மடங்காவது மகளின் அப்போதைய வயது முழுதும். ஆகவே அடைப்புக்குறி வேண்டும்: வ + 38 = 2(வ + 12). வ + 38 = 2வ + 24. வ = 14.

விடையைத் திரும்பக் கதைக்குள் போட்டுப் பாருங்கள், சமன்பாட்டுக்குள் அல்ல. மகள் 14, அம்மா 40. பன்னிரண்டு ஆண்டில் 26, 52. சரி. தப்பான விடையைப் போட்டுப் பார்த்தால் 26, 52 பின்னால் 38, 64 ஆகும், இரட்டிப்பு இல்லை. தப்பான சமன்பாட்டுக்குள்ளேயே விடையைப் போட்டால் அது சரி என்றுதான் சொல்லும். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

இப்போது அந்தச் சதுரம், அதாவது செவ்வகம். நீளம் அகலத்தைவிட 2 மீட்டர் அதிகம், பரப்பளவு 168 சதுர மீட்டர். பக்கங்கள் என்ன?

அகலம் அ, நீளம் அ + 2. அ(அ + 2) = 168. இங்கேயும் அடைப்புக்குறியை விட்டு அ × அ + 2 என்று எழுதுவார்கள், கவனம். விரித்தால் அ² + 2அ = 168. இனி இங்கத்திய வழி: இரண்டு பக்கமும் 1 கூட்டு. அ² + 2அ + 1 = 169. இடப்பக்கம் (அ + 1)². 169 என்பது 13-இன் வர்க்கம். அ + 1 = 13, அ = 12. நீளம் 14.

அந்த 1 எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால் படம் வரைந்து காட்டுங்கள். பக்கம் அ உள்ள ஒரு சதுரம். அதற்கு மேலே 1 அகலத்தில் ஒரு பட்டை, வலப்பக்கம் 1 அகலத்தில் ஒரு பட்டை. இரண்டு பட்டையும் சேர்ந்து 2அ. மூலையில் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருக்கும், அதன் அளவு 1. அதை அடைத்தால் பெரிய சதுரம் முழுமையாகிவிடும். நான் படித்த காலத்தில் "கூட்டு, கழி" என்று மனப்பாடம் செய்த வரி இது. இந்தப் படத்தை முதன்முதலில் என் மகளின் டீச்சர் நோட்டில் வரைந்ததைப் பார்த்துத்தான் எனக்கே விளங்கியது. மொழி விஷயத்தில் அவர்மேல் வருத்தம் இருந்தாலும், இதற்காக அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அ + 1 = –13 என்றும் வரலாம், அப்போது அ = –14. அகலம் குறை எண்ணாக இருக்காது என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை விடுங்கள். எழுதாமல் விடக்கூடாது. எண்களைப் பற்றிய கணக்காக இருந்தால் குறை எண்ணும் விடையாகவே இருக்கலாம், அங்கே தள்ளிவிட்டால் பாதி விடை போய்விடும்.

காரணிப்படுத்தத் தெரிந்த பெற்றோர் 14, –12 என்று உடனே உடைத்துக் காட்டிவிடுவோம். காட்டலாம். வகுப்பில் இன்னும் அந்த வழி வரவில்லையென்றால் விடையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

4. நிகழ்தகவு: முதலில் முழுப் பட்டியல், பிறகுதான் பின்னம்

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த எல்லைக்குப் போனாலும் வரிசையாக லாட்டரிக் கடை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியை நிறுத்திவிட்டார்கள், கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. அதனால் அந்தப் பக்கத்து ஆட்களும் இங்கே வந்துதான் வாங்குகிறார்கள். என் கொழுந்தனார் ஒருநாள் டிக்கெட்டை மகளிடம் நீட்டி, "அடிக்கும், இல்லாட்டி அடிக்காது. பாதிக்குப் பாதி, என்ன அம்மிணி?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். நானும்தான்.

நிகழ்தகவில் பிள்ளைகள் செய்யும் தப்பு அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. இரண்டு முடிவு இருப்பதாலேயே இரண்டும் ஒரே அளவு வாய்ப்புள்ளவை ஆகிவிடாது. டிக்கெட்டின் கடைசி நான்கு இலக்கம் பொருந்த வேண்டும் என்றால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் சாத்தியம், நம்முடையது அதில் ஒன்று. தினம் ஒரு டிக்கெட் வாங்கினால் பத்தாயிரம் நாளுக்கு, அதாவது சுமார் 27 வருடத்துக்கு, சராசரியாக ஒருமுறை. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு 1,00,000 முதல் 9,99,999 வரை எண்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,08,00,000 டிக்கெட். முதல் பரிசு அதில் ஒன்றுக்கு. மகள் இதைக் கணக்குப் போட்டுச் சித்தப்பாவிடம் காட்டினாள். அவர் பாராட்டிவிட்டு இன்னொரு டிக்கெட் வாங்கப் போனார்.

சரி, வீட்டுப்பாடத்துக்கு வருவோம். ஒரு பெட்டியில் 1, 2, 3, 4 என்று எழுதிய சீட்டுகள். இன்னொன்றில் 1, 2, 3. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டைப் பார்க்காமல் எடுக்கிறோம். கூட்டுத்தொகை ஒற்றை எண்ணாக இருக்க நிகழ்தகவு என்ன?

என் மகள் போட்ட வழி: கூட்டுத்தொகை 2, 3, 4, 5, 6, 7 என ஆறு விதமாக வரலாம். அதில் ஒற்றை 3, 5, 7. ஆறில் மூன்று, அதாவது 1/2. விடையைப் பார்த்தால் சரி! டிக் போட்டுவிட்டோம். அடுத்த உட்பிரிவு, கூட்டுத்தொகை 7 வர நிகழ்தகவு. ஆறில் ஒன்று என்று எழுதினாள். அது தப்பு.

இப்போது கட்ட நோட்டை எடுங்கள். மேலே இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. பக்கவாட்டில் 1, 2, 3. உள்ளே 12 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டுத்தொகையை எழுதுங்கள். 2 ஒரு கட்டத்தில், 3 இரண்டில், 4 மூன்றில், 5 மூன்றில், 6 இரண்டில், 7 ஒன்றே ஒன்றில் இருக்கும். 7 வர 1/12. 5 வர 3/12, சுருக்கினால் 1/4. ஒற்றைக் கூட்டுத்தொகை 2 + 3 + 1 = 6 கட்டம், 12-இல் 6, அதாவது 1/2. முதல் வழியில் வந்த 1/2 தற்செயல். விடையை மட்டும் பார்த்துச் சரிபார்க்கும் பெற்றோருக்கு இது நல்ல அடி, எனக்கு விழுந்தது.

பிள்ளை நம்பவில்லையென்றால் பகடை இரண்டையும் ஐம்பது தடவை உருட்டி, கூட்டுத்தொகை 7 எத்தனை முறை, 12 எத்தனை முறை என்று கோடு போடச் சொல்லுங்கள். பகடைக்குக் கட்டம் போட்டால் 6 × 6 = 36 கட்டம், அதில் 7-க்கு ஆறு கட்டம், 12-க்கு ஒன்று. ஐம்பது உருட்டலிலேயே வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எண்கள் பெரிதானால் கட்டம் போட முடியாது. அப்போது பெருக்க வேண்டும். ஒரு குவியலில் 6 செவ்விளநீர், 4 பச்சை இளநீர். இன்னொரு குவியலில் 5 செவ்விளநீர், 3 பச்சை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்தால் இரண்டும் செவ்விளநீராக இருக்க நிகழ்தகவு?

மொத்தச் சோடிகள் 10 × 8 = 80. இரண்டும் செவ்விளநீரான சோடிகள் 6 × 5 = 30. 30/80, சுருக்கினால் 3/8. இரண்டு குவியலையும் மனதில் ஒன்றாகக் கொட்டி, 18-இல் 11 என்று போடுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. "முதல் குவியலில் இந்த ஒரு காயை எடுத்தேன். அதோடு சேர இரண்டாவதில் எத்தனை காய்?" என்று கேளுங்கள். எட்டு. அப்படிப் பத்துக் காய்க்கும் எட்டு எட்டு. பெருக்கல் தானாக வந்துவிடும்.

"குறைந்தது ஒன்றாவது செவ்விளநீர்" என்று கேட்டால் நேராக எண்ணப் போகாதீர்கள். ஒன்றுகூடச் செவ்விளநீர் இல்லாத சோடிகள் 4 × 3 = 12. 80-இல் இதைக் கழித்தால் 68. 68/80 = 17/20. "குறைந்தது" என்ற சொல்லைப் பார்த்ததும் அதன்கீழ் கோடு போடும் பழக்கம் வரட்டும்.

பரப்பளவை வைத்து வரும் கணக்கில் பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள்: "படத்துக்குள்ள புள்ளி வைக்கிறாங்கன்னா, புள்ளிய எப்படிம்மா எண்றது?" எண்ண முடியாது என்பதால்தான் பரப்பளவை எடுத்துக்கொள்கிறோம். ஒரு சதுரத்துக்குள் நாலு பக்கத்தையும் தொடும் வட்டம் இருந்தால், ஆரம் ஆ என்று வைத்துச் சதுரத்தின் பரப்பு 4ஆ², வட்டத்தின் பரப்பு பை (π) × ஆ². வகுத்தால் பை/4. அதை அப்படியே விடுங்கள், 3.14 போட்டுத் தசமமாக்குவது கேட்டால் மட்டும். சதுரத்தின் பக்க நடுப்புள்ளிகளை இணைத்து வரும் உள்சதுரம் என்றால் விடை 1/2. நாலு மூலையையும் உள்ளே மடித்தால் உள்சதுரம் சரியாக மூடிவிடும், காகிதத்தை மடித்துக் காட்டுங்கள்.

விடை 1-ஐவிடப் பெரிதாக வந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்பிப் போகவேண்டும். சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். அவசரத்தில் 12/6 என்று தலைகீழாக எழுதி 2 என்று முடித்த தாள் எங்கள் வீட்டில் இருக்கிறது.

5. நேரம்

எஸ்எஸ்எல்சி கணக்குத் தாள் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், பள்ளியில் போடும் உள்மதிப்பீடு 20. எழுத இரண்டரை மணி நேரம். 150 நிமிடத்தை 80-ஆல் வகுத்தால் மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. நாலு மதிப்பெண் கணக்குக்கு ஏழரை நிமிடம்.

இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிக் கடிகாரத்தை எதிரே வைத்தது நான் செய்த இன்னொரு முட்டாள்தனம். ஓணப் பரீட்சை (இங்கத்திய காலாண்டுத் தேர்வு) வரை கடிகாரமே வேண்டாம். ஒரு ராத்திரிக்கு நாலு கணக்கு, நாற்பது நிமிடம், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் தாண்டினால் பாதியில் விட்டுவிட்டு, எந்த வரியில் நின்றோம் என்று மட்டும் குறித்துவைக்கட்டும். காலையில் பல் துலக்கும்போது விடை வந்துவிடுவது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அரையாண்டான கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பிறகு கடிகாரத்தை வையுங்கள். மாடல் பரீட்சைக்கு முன் குறைந்தது மூன்று முழுத்தாள் இரண்டரை மணி நேரத்தில் எழுதியிருக்க வேண்டும். பழைய வினாத்தாள் எடுக்கும்போது புது புத்தகத்தில் இல்லாத கணக்கை முன்கூட்டியே நீங்களே அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே அரைமணி போய்விடும்.

6. டியூஷன், ஆப், வாட்ஸ்அப்

மாதம் 800 ரூபாய்க்கு மூன்று மாதம் டியூஷன் அனுப்பினேன். அங்கே ஆங்கில மீடியம், மலையாள மீடியம், தமிழ் மீடியம் எல்லோரும் ஒரே பெஞ்சில். போர்டில் ஆங்கிலம், வாயில் மலையாளம். மூன்றாவது மாதம் சொல் நோட்டில் இன்னொரு பத்தி போட வேண்டி வந்தது. அனுப்புவதானால் சேர்ப்பதற்கு முன் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். தமிழ் மீடியப் பிள்ளை இன்னொருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

கணக்கைப் படம் பிடித்தால் விடை தரும் ஆப்கள் சமன்பாட்டை நன்றாகத் தீர்க்கின்றன. தமிழில் எழுதிய கதைக் கணக்கைக் காட்டினால் சில நேரம் வேறு கணக்கைத் தீர்த்து வைக்கின்றன. சமன்பாட்டைப் பிள்ளை எழுதியபின் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்கக் கூச்சம் வேண்டாம். ஆனால் "இந்தக் கணக்கு வரலை டீச்சர்" என்று மட்டும் போட்டால் முழு விடை படமாக வந்து விழும், பிள்ளை பார்த்து எழுதிவிடுவாள், தீர்ந்தது. எந்த வரி வரை வந்தது என்று நோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். அப்போது அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் கிடைக்கிறது.

7. விடைத்தாளில் எழுத வேண்டிய விதம்

வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதால் விடை தெரியாவிட்டாலும் வெற்றாக விடக்கூடாது. "செவ்வகத்தின் அகலம் எக்ஸ் மீட்டர் என்க" என்ற முதல் வரி, அடுத்து சமன்பாடு, இரண்டையும் எழுதிவிட்டால் அங்கேயே ஏதோ கிடைக்கிறது. நிகழ்தகவில் மொத்தச் சாத்தியங்கள் எத்தனை, வேண்டியவை எத்தனை என்று இரண்டு தனி வரி எழுதிப் பிறகு பின்னம். அலகை மறக்க வேண்டாம். கேள்வியில் கேட்டது நீளமா அகலமா என்று கடைசியில் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். 12 என்று கண்டுபிடித்துவிட்டு, கேட்ட நீளத்தை எழுதாமல் விட்ட கதை எங்களுடையது.

தேர்வுக்கு முன் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் தருவார்கள், தாளை வாசிக்க மட்டும். அந்த நேரத்தில் விடை எழுதக்கூடாது. தமிழ் மீடியத்துக்கு வினாத்தாள் தமிழில்தான் அச்சிட்டிருக்கும். வகுப்பில் ஒரு வருடம் காதில் விழுந்த சொல் அந்த நேரத்தில் மூளையில் முந்திக்கொண்டு வரும். மகளிடம் நான் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: தாளில் "சதுரம்" என்று பார்த்தால் நாலு பக்கமும் சமம், "செவ்வகம்" என்று பார்த்தால்தான் டீச்சரின் சதுரம். ஹால் டிக்கெட்டோடு சொல் நோட்டையும் எடுத்துப்போய் கேட்டுக்கு வெளியே நின்று கடைசியாகப் புரட்டிவிட்டு, நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.